எர்த் ஒயர் சைஸ் எடுப்பது எப்படி: வீடு, தோட்டத்து மோட்டார், தறிக்கூடம்

பேஸ் ஒயருக்கு லோடு பார்த்து, பிராண்டு கேட்டு, மீட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள் எர்த் என்று வந்ததும் எட்டாம் நம்பர் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) ரெண்டு கிலோ வாங்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். கிலோவுக்குச் சுமார் 10 மீட்டர் வரும், மலிவு, கடைசிவரை ஒரே கம்பி. சில இடங்களில் அது போதும். சில இடங்களில் கம்பி சுடக்கூடச் செய்யாமல் அப்படியே இருக்கும், மோட்டார் பாடியில் மட்டும் ஷாக் நிற்கும். எந்த இடத்தில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

எர்த் ஒயரில் சாதாரண நாளில் கரண்ட் ஓடாது. அதனால் லோடு ஆம்பியரை வைத்து அதற்கு சைஸ் எடுக்க முடியாது. ஃபால்ட் ஆகும், அதாவது பேஸ் மெஷின் பாடியைத் தொடும், அந்த நொடியை வைத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிரேக்கர் விழும்வரை கம்பி உருகாமல் தாங்குமா? பிரேக்கரை விழவைக்கும் அளவுக்குக் கரண்டை அது திரும்ப விடுமா? பத்து வருடம் மண்ணிலும் ஈரத்திலும் அறுபடாமல் இருக்குமா? வேலை பழகுகிறவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆள் உயிர் போவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான்.

முதலில், சப்ளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கம்பெனி வளாகத்திலேயே சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதன் நியூட்ரல் எர்த்தும் உங்கள் மெஷின் எர்த்தும் ஒரே பட்டையில் சேர்ந்திருக்கும். ஃபால்ட் கரண்ட் முழுக்க உலோகத்திலேயே ஓடித் திரும்பும். ஆயிரக்கணக்கான ஆம்பியர் வரும், பிரேக்கர் உடனே விழும். திருப்பூர், பல்லடம் பக்கத்து எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ் கம்பெனிகள் இந்த வகை.

வீடு, தோட்டத்துச் சாளை, கிணற்று மோட்டார், சின்னத் தறிக்கூடம் என்று லைன் கம்பத்திலிருந்து எல்.டி. (தாழ்வழுத்த) சர்வீஸ் எடுத்த இடம் வேறு. அங்கே எர்த் என்பது நீங்கள் தோண்டிய குழிதான். ஃபால்ட் கரண்ட் உங்கள் குழியில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மர் குழியில் ஏற வேண்டும். மண்ணின் ஓம்தான் அங்கே கணக்கை முடிவு செய்யும்.

தோட்டத்துக் குழி 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் குழி 5 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (போர்டில் இருக்கும் சின்ன பிரேக்கர்) இதற்கு அசையவே அசையாது. அதுவரை மோட்டார் பாடியில் நிற்பது 9.2 × 20, அதாவது 184 வோல்ட். இந்த இடத்தில் நாலு ஸ்கொயர் (சதுர மி.மீ.) எர்த்தை எடுத்துவிட்டு ஐம்பது ஸ்கொயர் காப்பர் போட்டாலும் அதே 184 வோல்ட்தான், ஏனென்றால் தடை இருப்பது கம்பியில் இல்லை, மண்ணில். இங்கே ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. மட்டுமே, அதாவது போன கரண்ட் முழுக்கத் திரும்பி வராமல் கொஞ்சம் எர்த்துக்குக் கசிந்தாலே விழும் பிரேக்கர். எர்த் ஒயர் சைஸ் அதற்கு அடுத்த கேள்வி.

விதி எளிது: குழி ஓமையும் ஆர்.சி.சி.பி.யின் ஆம்பியரையும் பெருக்கினால் 50-க்குக் கீழே வர வேண்டும். 300 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் 20 ஓம் குழியும் என்றால் 6 வோல்ட், தாராளம். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போடுங்கள். போர்வெல் மோட்டாருக்கு நீளக் கேபிள் தண்ணீரில் கிடப்பதால் கொஞ்சம் லீக்கேஜ் எப்போதும் இருக்கும். அங்கே 30 போட்டால் அடிக்கடி விழும், கடைசியில் தோட்டத்துக்காரர் அதை பைபாஸ் செய்துவிடுவார். 100 அல்லது 300 போட்டு அது நிலைத்து நிற்பதே மேல். மாட்டுச் சாளையில் 50-க்குப் பதில் 25 வோல்ட் என்று எடுங்கள். ஈரத் தரையில் நாலு காலில் நிற்கும் மாடு நம்மைவிடக் குறைந்த வோல்ட்டிலேயே விழும்.

அடிப்படை சைஸ்

பேஸும் எர்த்தும் ஒரே உலோகம் என்றால் எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 தரும் கணக்கு இது. பேஸ் 16 ஸ்கொயர் வரை என்றால் எர்த்தும் அதே சைஸ். 16-க்கு மேல் 35 வரை என்றால் எர்த் 16. 35-க்கு மேல் என்றால் பேஸில் பாதி.

வீட்டில் லைட் சர்க்யூட் 1.5 ஸ்கொயர் என்றால் எர்த் 1.5. பிளக் சர்க்யூட் 2.5 என்றால் 2.5. ஏ.சி., கீசருக்கு 4 என்றால் 4. மீட்டரிலிருந்து வரும் மெயின் 10 என்றால் போர்டு எர்த்தும் 10. பேஸ் ஒயரோடு ஒரே பைப்பில் ஓடாமல் தனியாகப் போகும் எர்த்துக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு: பைப்புக்குள் என்றால் 2.5-க்குக் குறையக் கூடாது, சுவரில் வெறுமனே ஆணி அடித்து ஓட்டினால் 4-க்குக் குறையக் கூடாது. இது கரண்டுக்காகச் சொன்னதில்லை. மெல்லிய கம்பி அடிபட்டு அறுந்துபோகும் என்பதற்காகச் சொன்னது.

வீட்டுக்கு இந்த அளவே போதும். தண்ணீர் ஜி.ஐ. பைப், இரும்புக் கூரைச் சட்டம் போன்றவற்றை மெயின் எர்த்தோடு கட்டும் பாண்டிங் ஒயர் மெயின் எர்த்தில் பாதி. ஆனால் காப்பரில் 6 ஸ்கொயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 25-க்கு மேல் தேவையில்லை.

உலோகம் மாறும்போதுதான் தப்பு நடக்கிறது. வெறும் கம்பி ஒரு நொடிக்குச் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை 'கே' என்று ஐ.எஸ். 3043 தருகிறது: காப்பர் 205, அலுமினியம் 126, இரும்பு அதாவது ஜி.ஐ. 80. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போடும்போது இந்த விகிதத்தில் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, பின்னலாடைக் கம்பெனிகளில் ஓடும் 70 ஸ்கொயர் மூணரை கோர் அலுமினியம் கேபிள். பாதி 35, அது அலுமினியக் கணக்கு. ஜி.ஐ.யில் போட்டால் 35 × 126 ÷ 80 = 55. கடையில் கிடைக்கும் 25 × 3 பட்டை 75 சதுர மி.மீ., அது போதும். காப்பரில் என்றால் 35 × 126 ÷ 205 = 21.5. 25 ஸ்கொயர் வாங்குங்கள்.

கம்பி உருகுமா? நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள்

மேலே சொன்னது கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிற சைஸ். துல்லியமாக எடுக்க ஒரே சூத்திரம்: பரப்பு = ஃபால்ட் கரண்ட் × √நேரம் ÷ கே. நேரம் என்பது பிரேக்கர் விழ எடுக்கும் நொடி. பி.வி.சி. உறை போட்ட காப்பருக்கு உறை கெடக் கூடாது என்பதால் கே குறையும். கேபிளுக்குள் ஓடும் கோருக்கு 115. எந்த பி.வி.சி. ஒயருக்கும் அதையே வைத்துக்கொண்டால் தப்பாது.

250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுங்கள். 433 வோல்ட்டில் முழு லோடு 333 ஆம்பியர். பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (டிரான்ஸ்ஃபார்மரின் உள் தடை) 4.5 சதவீதம் என்று இருந்தால் 333 ÷ 0.045 = 7,400 ஆம்பியர். எல்.டி. பக்கம் வரக்கூடிய அதிகபட்ச ஃபால்ட் இது. மெயின் எர்த் பட்டைக்கு ஒரு நொடி என்று வைப்பது வழக்கம். ஜி.ஐ. என்றால் 7,400 ÷ 80 = 92.5 சதுர மி.மீ. 25 × 3 பட்டை 75-தான், போதாது. துருவுக்கு 30 சதவீதம் கூட்டினால் 120 வருகிறது. ஆக 25 × 6 பட்டை, 150 சதுர மி.மீ. இதே கணக்கில் 500 கே.வி.ஏ. என்றால் 14,800 ஆம்பியர், 185 சதுர மி.மீ., துருவோடு 240. அங்கே 50 × 6 பட்டைதான்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பது சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இடத்தின் சின்ன சர்க்யூட்டிலேயே தெரியும். 1,000 ஆம்பியர் ஃபால்ட்டை எம்.சி.பி. நொடியில் நூறில் ஒரு பங்கில் நிறுத்தினால் 1,000 × 0.1 ÷ 115 = 0.87. 2.5 ஸ்கொயர் எர்த் தாராளமாகத் தாங்கும். அதே இடத்தில் ஃபியூஸ் கட்டையில் கையில் கிடைத்த தடித்த கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்டிருந்து, அது உருக ஒரு நொடி ஆனால் 8.7 ஸ்கொயர் வேண்டும். எர்த் ஒயர் உறையோடு எரிந்து கிடக்கும் இடங்களில் முதலில் ஃபியூஸ் கட்டையைத் திறந்து பாருங்கள். நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் விழும் பிரேக்கருக்குத் துல்லியம் வேண்டுமென்றால், தயாரிப்பாளர் அட்டவணையில் இருக்கும் ஆம்பியர் வர்க்கம் × நொடி எண்ணை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை கே-யால் வகுக்க வேண்டும்.

பிரேக்கர் விழுமா? நீளத்தைச் சேர்த்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எந்த ஷெட்டையும் முடிக்காதீர்கள். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள இடத்துக்கான கணக்கு இது.

எம்.சி.பி. கண் இமைக்கும் நேரத்தில் விழ வேண்டுமென்றால், பி வகைக்கு அதன் ரேட்டிங்கைப் போல 5 மடங்கு, சி வகைக்கு 10 மடங்கு, டி வகைக்கு 20 மடங்கு கரண்ட் வர வேண்டும். 32 ஆம்பியர் சி வகை என்றால் 320 ஆம்பியர். 230 ÷ 320 = 0.72 ஓம். பேஸ் ஒயர், எர்த் ஒயர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது.

போர்டிலிருந்து மெஷினுக்கு 60 மீட்டர். பேஸ் 4 ஸ்கொயர் காப்பர், எர்த் எட்டாம் நம்பர் ஜி.ஐ. 4 ஸ்கொயர் காப்பர் மீட்டருக்கு 4.61 மில்லி ஓம், 60 மீட்டருக்கு 0.28 ஓம். எட்டாம் நம்பர் கம்பி 4.06 மி.மீ. விட்டம், பரப்பு 12.9 சதுர மி.மீ., மீட்டருக்குச் சுமார் 10.7 மில்லி ஓம். 60 மீட்டருக்கு 0.64 ஓம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 0.05 என்று வைத்தால் மொத்தம் 0.97 ஓம். வரும் கரண்ட் 237 ஆம்பியர்.

கம்பிக்கு ஒன்றும் ஆகாது. 12.9 × 80 கணக்கில் அது ஒரு நொடிக்கு ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தாங்கும், 237 ஆம்பியரை 19 நொடி வரை தாங்கும். ஆனால் 32 ஆம்பியர் சி வகைக்கு 237 என்பது 7 மடங்குதான். உடனே விழும் என்று நம்ப முடியாது, பல நொடி இழுக்கலாம். அத்தனை நொடியும் மெஷின் பாடியில் 237 × 0.64, அதாவது 150 வோல்ட் நிற்கும். எட்டாம் நம்பர் கம்பி சூட்டைத் தாங்குவதில் 5 ஸ்கொயர் காப்பருக்குச் சமம். கரண்டை விடுவதில் 1.6 ஸ்கொயர் காப்பருக்குத்தான் சமம். தடிமனைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

எர்த்தையும் 4 ஸ்கொயர் காப்பராக்கினால் 0.28 + 0.28 + 0.05 = 0.61. ஓடிச் சூடான ஒயரில் தடை சுமார் 20 சதவீதம் கூடும், அப்போது 0.72-ஐத் தொட்டுவிடும். 6 ஸ்கொயர் எர்த் போட்டால் சூட்டிலும் 0.60. ஆக அட்டவணை 4 என்றாலும் 60 மீட்டருக்கு 6 போடுவதுதான் சரி. தூரம் இன்னும் கூடினால் எர்த்தைத் தடிமனாக்கிக்கொண்டே போவதைவிட அந்த சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. வைப்பது செலவு குறைவு, பாதுகாப்பும் அதிகம்.

மோட்டாரும் தறியும்

மூன்று பேஸ் மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதி. இரண்டு போடுவதால் ஒவ்வொன்றும் பாதி சைஸ் போதும் என்று எண்ணாதீர்கள். ஒன்று அறுந்தால் மற்றது தனியாக முழு ஃபால்ட்டையும் தாங்க வேண்டும் என்பதற்கே இரண்டு. ஒரே போல்ட்டில் இரண்டு லக் (கம்பி முனையில் மாட்டும் வளையம்) மாட்டினால் அது இரண்டு எர்த் ஆகாது.

சோமனூர், பல்லடம் தறிக்கூடங்களில் ஒரு தறியின் பாடியிலிருந்து அடுத்த தறிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கம்பியைத் தொடராக ஓட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு மோட்டாரைக் கழற்றினால் அதற்குப் பிறகு உள்ள எல்லாத் தறிக்கும் எர்த் போய்விடும். சுவரோரம் 25 × 3 பட்டை ஒன்று ஓட்டி, ஒவ்வொரு தறிக்கும் தனிக் கிளை எடுங்கள். அந்தக் கிளை ஒற்றைக் கம்பியாக இருக்கக் கூடாது. தறி அதிரும்போது வளைவது எல்லாம் லக்குக்கு அடியில் ஒரே இடத்தில் விழும், எட்டாம் நம்பர் கம்பி அங்கேதான் முறியும். வெளியே பார்த்தால் போல்ட்டு இறுக்கமாக, கம்பி நேராகத் தெரியும். கையால் லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். பல இழை காப்பர் ஒயர், கிரிம்ப் செய்த லக், ஒரு சாண் தொய்வு, இவ்வளவும் வேண்டும். மோட்டாரில் எர்த்துக்கென்று தனிப் போல்ட்டு இருக்கிறது. கால் போல்ட்டில் மாட்டாதீர்கள், அடியில் பெயின்ட் இருக்கும். எர்த் போல்ட்டிலும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் லக்.

போர்வெல் மோட்டாரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தட்டைக் கேபிளில் மூன்று கோர்தான், எர்த் கோர் இல்லை. முன்பு ஜி.ஐ. பைப் இறக்கியபோது பைப்பே மோட்டார் பாடியை மேலே கொண்டு வந்தது. இப்போது எச்.டி.பி.இ. பைப் இறக்குகிறோம், அந்த வழி அறுந்துவிட்டது. ஆகவே ஸ்டார்ட்டர் பெட்டி, கேசிங் பைப், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு கிளாம்ப் மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் குழிக்குக் கொண்டுபோங்கள். கேசிங் பைப்பை மட்டும் நம்பிக் குழி இல்லாமல் விடாதீர்கள்.

மோட்டார் ரூமில் ஒரு பேஸையும் எர்த்தையும் வைத்து பல்பு எரிப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் குழிக் கம்பி எங்காவது அறுந்தால், பல்பு வழியாக வரும் பேஸ் நேரே ஸ்டார்ட்டர் பெட்டியில் நிற்கும். ஆர்.சி.சி.பி. போட்டால் இந்த பல்பைப் போட்டதும் அது விழலாம். குறை ஆர்.சி.சி.பி.யில் இல்லை. எல்.டி. சர்வீஸ் வீட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்குவதும் இதே ஆபத்துதான்.

மண்ணுக்குள் போகும் கம்பி

இங்கே சைஸைக் கரண்டு முடிவு செய்வதில்லை, துரு முடிவு செய்கிறது. உறையும் பைப்பும் இல்லாமல் மண்ணில் நேரடியாகக் கிடக்கும் கம்பி காப்பர் என்றால் 25 ஸ்கொயர், ஜி.ஐ. என்றால் 50 சதுர மி.மீ., அதற்குக் குறையக் கூடாது. எட்டாம் நம்பர் கம்பி 12.9-தான். அதை வாய்க்கால் ஓரம் வெறுமனே புதைத்துக் குழிக்குக் கொண்டுபோவது வேலைக்கே ஆகாது. ஒன்று 25 × 3 ஜி.ஐ. பட்டையைப் புதையுங்கள், இல்லையென்றால் உறை போட்ட காப்பரை பி.வி.சி. பைப்புக்குள் இழுங்கள். பைப்புக்குள் போனால் மேலே சொன்ன சாதாரண சைஸே போதும். சாயப்பட்டறைக் கழிவு இறங்கும் மண்ணிலும், கோழிப்பண்ணை எரு சேரும் இடத்திலும் ஒரு சைஸ் கூட்டிப் போடுங்கள். வெறும் அலுமினியத்தை மண்ணுக்குள் இறக்கவே கூடாது.

காப்பரும் ஜி.ஐ.யும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் ஜி.ஐ. அரித்துப் போகும். ஈயம் பூசிய லக்கை நடுவில் வைத்து, ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கி, மேலே பிட்டுமென் பூசுங்கள். பட்டையோடு பட்டை சேரும் இடத்தில் வெல்டிங்.

குழியைப் பொறுத்தவரை 40 மி.மீ. ஜி.ஐ. பைப் 2.5 மீட்டர் என்பது குறைந்தபட்சம். மண்ணின் தடை 100 ஓம் மீட்டர் என்றால் இந்தப் பைப் ஒன்று சுமார் 35 ஓம் தரும். 20 என்றால் 7 ஓம். உடுமலை, பல்லடம் கரிசலில் ஈரம் இருக்கும்வரை ஒரு பைப்பே நல்ல எண் காட்டும். ஆனால் கோடையில் கரிசல் வெடித்துப் பைப்பைச் சுற்றி இடைவெளி விழும், வெடிப்பு கம்பியையும் இழுக்கும். காங்கேயம் பக்கம் செவல் சரளை, அடியில் பாறை. அங்கே ஒரு பைப் நூறு ஓமைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. ஆழம் போக முடியாதபோது இன்னொரு பைப் இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் பைப் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 5 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கத்திலேயே இறக்கினால் இரண்டாவது பைப்பின் பலன் பாதி வீண்.

சரிபார்ப்பது

எர்த் டெஸ்டரில் மூன்று கம்பி முறையில் அளவெடுங்கள். தூரக் கம்பியை 30 மீட்டரில் அடித்தால் நடுக்கம்பி சுமார் 18.5 மீட்டரில். அதை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தியும் எண் மாறக் கூடாது. மாறினால் தூரக் கம்பி போதவில்லை. குழியைக் கழற்றி அளக்கும்போது மெயினை அணைத்துவிட்டு, பூட்டிவிட்டுச் செய்யுங்கள். இந்த வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் செய்வதே முறை.

அளவெடுக்க ஏற்ற மாதங்கள் ஏப்ரல், மே. ஐப்பசி மழையில் எடுத்த 8 ஓமை நம்பி ஆர்.சி.சி.பி. தேவையில்லை என்று முடிவெடுத்தால், சித்திரையில் அதே குழி எத்தனை மடங்கு காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டியிலிருந்து மெஷின் வரை எர்த் தொடர்ச்சியைத் தனியாக அளந்து, மேலே போட்ட கணக்கு எண்ணோடு ஒப்பிடுங்கள். 60 மீட்டர் 6 ஸ்கொயருக்கு 0.2 ஓமுக்குள் வர வேண்டும். அரை ஓம் காட்டினால் சைஸில் குறை இல்லை, ஏதோ ஒரு லக் இறுகவில்லை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். அளந்த எண்ணையும் தேதியையும் போர்டு கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த கோடையில் அளப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.